முதிரையைக் கறையான் தின்னுமோ

எங்கட வீட்டு முன்வாசலுக்குப் புதுக் கதவு போட்டு இரண்டு மாதமாகிறது. இன்னும் அது ஒழுங்காகச் சாத்துப்படுதில்லை. மழைக்கு வேப்பம் பலகை கொஞ்சம் ஊதிவிட்டது. அடிப்பக்கம் நிலத்தில் உரசுகிறது. ஒவ்வொரு முறையும் முழங்காலால் ஒரு தள்ளுத் தள்ளித்தான் பூட்ட வேண்டும். பழைய கதவு எண்பத்தாறு வருசமாக ஒரு மயிரளவும் அசையவில்லை என்று அம்மா சொல்லுவா. அது கொஞ்சம் கூடத்தான். ஆனால் மறுத்துக் கதைக்கிற நிலையில் நாங்கள் இல்லை.

இந்த 'நாங்கள்' இரண்டு பேர். அக்காவும் தங்கச்சியும். வீடு இரண்டு பேருடைய பெயரிலும் இருக்கிறது, காசும் இரண்டு பேரும் போட்டது, ஏமாந்ததும் சேர்ந்துதான். ஆனபடியால் இதையும் சேர்ந்தே எழுதுகிறோம். ஒத்துப்போகாத இடங்களில் மூத்தவள், இளையவள் என்று பிரித்துச் சொல்லுவோம். அப்படி இடங்கள் இருக்கின்றன.

வீடு அளவெட்டியில். நாற்சார் வீடு. நடுவில் வானம் தெரியிற முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், அதைச் சுற்றி அறைகள். முன்வாசல் நிலையின் மேற்சட்டத்தில் 1938 என்று செதுக்கியிருக்கிறது. கட்டினவர் அம்மம்மாவின் தகப்பன். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து மலாயாவுக்குக் கப்பலேறி, றெயில்வேயிலும் கந்தோர்களிலும் கிளாக்கராக இருந்தவர்களில் ஒருவர். மலாயாக் காசில் எழும்பின கல்வீடுகள் எங்கட பக்கத்தில் ஒழுங்கைக்கு ஒன்றாவது இருக்கும். பாதிக்கு இப்போது கூரை இல்லை. எங்கட வீட்டுக்குக் கூரை இருந்தது. ஓடுகள் மங்களூரில் இருந்து வந்தவை. 1865 இல் பாசல் மிஷன்காரர் அங்கே ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினவர்கள் என்றும், எங்கட ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் அவர்களுடைய முத்திரை இருக்கிறது என்றும் முதல்முதல் எங்களுக்குக் காட்டியது அவள்தான். அவளைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்லுகிறோம்.

வீடு அம்மம்மாவுக்குச் சீதனமாக வந்தது, பிறகு அம்மாவுக்குச் சீதனமாகப் போனது, இப்போது எங்களிடம். 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் ஏற்றிய தேசவழமையின்படி பெண்ணுக்கு எழுதின சீதனம் பெண்ணுடையது. விற்கிறதென்றால் புருசன்ர சம்மதம் வேணும் என்பது வேறு கதை. எப்படியோ, உறுதியில் வீடு தலைமுறை தலைமுறையாகப் பொம்பிளைகளுக்கு. ஆனால் கூரை ஒழுகினால் ஏணியோடு வருகிற மேசன் கேட்கிற முதல் கேள்வி, "வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ பிள்ளை?"

முன்வாசல் கதவு முதிரை. இரட்டைக் கதவு. சின்ன வயதில் ஒரு பக்கத்தைத் திறக்கவே எங்கள் இரண்டு பேருடைய பலமும் வேண்டும். 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவ நேரம், முன்வளவில் ஒரு செல் விழுந்து, அதின் துண்டு ஒன்று வலப்பக்கக் கதவைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனது. அம்மப்பா அந்த ஓட்டையை அப்படியே விடவில்லை. வேப்பங்கட்டை ஒன்றை உருட்டையாகச் சீவி, மெழுகு பூசி, உள்ளே அடித்து இறுக்கினார். மஞ்சள் முதிரையில் வெளிறின ஒரு வட்டம், ஒரு ரூபாக் குத்தியளவு. அந்த வட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றுதான் நாங்கள் ஒளித்துப்பிடித்து விளையாட்டில் எண்ணுவோம்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது, அம்மா அந்தக் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போனா. நாவற்குழிப் பாலத்தடியில் சனத்துக்குள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது, மழை, குடிக்கத் தண்ணீர் இல்லாதது எல்லாம் எங்களுக்குக் கேட்டுக் கேட்டு மனப்பாடம். 1996 இல் தென்மராட்சியில் இருந்து திரும்பி வந்து பார்த்தால் பெட்டகம் இல்லை, கிணற்றுக்குள் சைக்கிள் கிடக்கிறது, குசினிக் கதவு உடைந்து கிடக்கிறது. பின்பக்கத்தால் ஏறி விழுந்தவர்கள் முன்கதவைத் தொடவில்லை. அது பூட்டினபடி நின்றது. "ஊரெல்லாம் கதவில்லாத வீட்டுக்குள்ள போகுது, நாங்கள் திறப்பாலை திறந்துகொண்டு போனம்" என்று அம்மா சொல்லும்போது குரல் ஒரு மாதிரி நிமிரும்.

சரி, இனி அவள்.

ஆறாம் ஆண்டில் இருந்து எங்களோடு. மூத்தவளின் வகுப்பு, ஆனால் சண்டை பிடிக்கிறது இளையவளோடு. அவளுடைய பெயரை எழுதவில்லை. எங்களைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும், தெரியாதவர்களுக்குத் தேவையில்லை. எங்கட வீட்டில் மூன்றாவது பிள்ளை மாதிரி. அம்மா புட்டு அவித்தால் நாலு கோப்பை எடுத்து வைப்பா. நாங்கள் கொழும்புக்குப் படிக்கப் போக, அவள் இங்கேயே நின்று படவரைஞர் படிப்பு முடித்து, ஆட்களுக்கு வீட்டுப் படம் கீறிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டரில் வந்து இறங்கி, சுருட்டின படத்தால் மேசன்மாருக்குச் சுவரைத் தட்டிக் காட்டுவாள். அவளிடம் ஒருத்தரும் ஆம்பிளையள் இல்லையோ என்று கேட்கிறதில்லை. அதில் எங்களுக்கு என்ன பெருமை!

அப்பா போன பிறகு அம்மாவுக்கு வெள்ளவத்தை பிடிக்காமல் போனது. இரண்டு அறை, கடல் தெரியாத யன்னல், மேல்மாடிக்காரரின் தண்ணீர் மோட்டர். "என்னைக் கொண்டுபோய் வீட்டில விடுங்கோ" என்று தொடங்கினா. 2021 இல் நாங்கள் இரண்டு பேரும் சேமிப்பை எண்ணிப் பார்த்து, திருத்துவோம் என்று முடிவெடுத்தோம். எங்கள் இரண்டு பேருக்கும் கொழும்பில் வேலை. ஆர் நின்று பார்ப்பது?

"நான் நிக்கிறன். நீங்கள் காசை மட்டும் அனுப்புங்கோடி."

சம்பளம் பற்றி ஒரு தரம் கதைத்தோம். "உங்களுக்கு விசரே?" என்றாள். இரண்டாம் தரம் நாங்கள் கதைக்கவில்லை.

அவள் செய்த வேலையைச் சொல்லாமல் விட்டால் அது பொய். முக்கியமாகச் சுவர். வந்த மேசன்மார் எல்லாருக்கும் ஒரே வாய்ப்பாடு: பழைய பூச்சைக் கொத்தி விழுத்து, சீமெந்து பூசு, பெயின்ற் அடி. அவள் விடவில்லை. குடாநாடே சுண்ணாம்புக்கல்லின் மேல்தான் கிடக்கிறது. எங்கட சுவரும் அந்தக் கல்லுத்தான், சாந்தும் சுண்ணாம்பு. அப்படிச் சுவர் நிலத்தில் இருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயிலுக்கு வெளியே விடும். சீமெந்தால் மூடிவிட்டால் ஈரத்துக்கு வழியில்லை. உள்ளே நின்று, உப்பையும் கூட்டிக்கொண்டு, பூச்சைத் தள்ளி வெளியே வரும். சமாதான காலத்தில் மாமா ஒருவர் நல்லெண்ணத்தில் குசினிச் சுவருக்குச் சீமெந்து பூசியிருந்தார். அவள் எங்களைக் கூட்டிக்கொண்டுபோய் அந்தச் சுவரில் கையை வைக்கச் சொன்னாள். பூச்சு அப்பளம் மாதிரிப் பொங்கி நின்றது. விரலால் தட்ட, பலகையில் தட்டின சத்தம். இன்னும் கொஞ்சம் அமத்த, ஒரு பாயளவு துண்டு அப்படியே விழுந்தது. பின்னால் கல்லு நனைந்துபோய் இருந்தது. நடு வைகாசி மாதம்!

பிறகு பின்வளவில் குழி வெட்டினாள். சுட்ட சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் விட, அது அடுப்பில்லாமல் கொதித்தது. அந்த வீடியோவை எத்தனை தரம் பார்த்திருப்போம். மூன்று கிழமை ஊறவிட்டு, அரித்து, ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்து, மெல்லிசாக ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொரு பூச்சு. வெயில் சுள்ளென்று அடித்தால் வெடிக்கும் என்று நனைத்த சாக்குக் கட்டித் தொங்கவிட்டாள். வயதான மேசன் ஒருவர் பனங்கட்டித் தண்ணீர் விடவேணும் என்று நின்றார். அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. "ஒரு அறைக்கு உங்கட முறை, ஒரு அறைக்கு என்ர முறை" என்று தீர்த்துவைத்தாள். இன்றுவரைக்கும் இரண்டு அறையும் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன. 2021 இல் 1,000 ரூபாவை அண்டி இருந்த சீமெந்துப் பை 2022 இல் 3,000 ரூபாவுக்குக் கிட்டப் போனபோதுதான், அவளுடைய சுண்ணாம்புப் பிடிவாதம் எங்களுக்கு எவ்வளவு மிச்சம் பிடித்தது என்று விளங்கியது.

அடுத்தது கூரை. நாற்சார் வீட்டில் நாலு கூரைகள் சந்திக்கிற நாலு மூலைகள்தான் யமன். இரண்டு பக்கத் தண்ணீரும் ஒன்றாக வந்து அந்த மூலைப் பீலிக்குள் விழும். ஓடு வெட்டினது கொஞ்சம் பிசகினாலும் தண்ணீர் அறைக்குள். வடகிழக்கு மூலையை அவள் முதலில் எடுத்தாள். தகட்டை ஓட்டுக்கு அடியால் நன்றாக உள்ளுக்கு விட்டு, விளிம்பை மேல்நோக்கி மடித்து, மடிப்புக்குக் கீழே சிலாகை வைத்து. நாங்கள் கேட்காமலே மூன்று முறை கழற்றித் திரும்பப் போட்டாள். அந்த ஒரு மூலை முடிய 2022 யூன். பிறகு நாட்டில் பெற்றோலும் இல்லை, எங்களிடம் காசும் இல்லை. வேலை நின்றது. கதவுகளைப் பழைய பெயின்ற் சுரண்டக் கழற்றிப் பின்பக்கக் கொட்டிலில் தறப்பாள் போட்டு மூடி வைத்திருப்பதாகச் சொன்னாள். முன்வாசலுக்குத் தகரம் அடித்தாள்.

2023 தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தி வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மண் பிடித்த பலகைத் துண்டு ஒன்று. கீழே, "கதவெல்லாம் கறையான் திண்டிட்டுது. சொறிடி. எரிக்கத்தான் சரி."

அம்மாவுக்கு எப்படிச் சொல்லுவது என்று இரண்டு நாள் யோசித்து, பொங்கலன்று பின்னேரம் சொன்னோம். அம்மா, "முதிரையையோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு அறைக்குள் போனா. நாங்கள் அதைத் துக்கம் என்று நினைத்தோம். அவளுக்கு போன் எடுத்து, "நீ கவலைப்படாதை, உன்ர பிழை இல்லை" என்று ஆறுதல் சொன்னோம். ஓம், நாங்கள்தான் ஆறுதல் சொன்னோம்.

2024 பங்குனியில் திரும்ப வேலையைத் தொடங்கினோம். அவள் வேறு வேலையில் மாட்டிக்கொண்டதாகச் சொன்னதால் இந்த முறை நாங்களே இரண்டு கிழமை லீவு போட்டு வந்து நின்றோம். புதுக் கதவுக்கு அளவெடுக்க ஓடாவியார் வந்தார். எழுபதை எட்டின மனிசன். அளவெடுக்க முதல் நிலையை மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தார்.

"கதவு எங்கை பிள்ளையள்?"

"கறையான் திண்டிட்டுது ஐயா."

அவர் குந்தியிருந்து, நிலையின் கால் மண்ணுக்குள் போகிற இடத்தை நகத்தால் சுரண்டினார். "இது முதிரை. மண்ணுக்குள்ள நிக்குது. இதைத் தொடேல்ல. தறப்பாளுக்குக் கீழ கிடந்த கதவைத் திண்டதாமோ?" பிறகு எழும்பித் துவாயால் முகத்தைத் துடைத்தார். "முதிரையைக் கறையான் தின்னுமோ பிள்ளை? திண்ட துண்டு ஏதும் கிடந்தாக் கொண்டந்து காட்டுங்கோ. எனக்கும் ஒரு பாடமாயிருக்கும்."

கொட்டிலுக்குள் போய்ப் பார்த்தோம். எரித்த சாம்பல் ஒரு இடத்திலும் இல்லை.

அன்றைக்கே அவளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சந்தேகம் வந்ததே எங்களுக்கு வெட்கமாக இருந்தது. ஓடாவியாருக்குத் தெரியாதது எத்தனை இருக்கும் என்று எங்களுக்குள்ளேயே கதைத்து முடித்தோம். லீவு முடியக் கொழும்புக்குப் போனோம். அவளோடு வழமைபோலக் கதைத்தோம். ஓடாவியாருக்கு வேப்பமரத்துக்கு முற்பணம் போட்டோம்.

சித்திரை வருசத்துக்குப் பிறகு, கந்தோரில் கூட வேலை செய்கிற ஒரு பிள்ளைக்கு யாழ்ப்பாணம் காட்டக் கூட்டிக்கொண்டு வந்தோம். ரவுணுக்குள்ளே பழைய வீடு ஒன்றைத் திருத்தி நடத்துகிற சாப்பாட்டுக் கடை. பெயர் வேண்டாம், அவர்களில் பிழை இல்லை. உரல், குத்துவிளக்கு, லாம்பு என்று எங்கே பார்த்தாலும் பழசு. எங்களுக்குக் கிடைத்த மேசை ஒரு கதவு. மேலே தடிப்பான கண்ணாடி போட்டிருந்தது. நெல்லிக்கிறஷ் வந்தது. இளையவள் கிளாசைத் தூக்க, கண்ணாடிக்குக் கீழே வெளிறின ஒரு வட்டம். ஒரு ரூபாக் குத்தியளவு.

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. மூத்தவள் கண்ணாடிக்கு மேலால் அந்த இடத்தில் விரலை வைத்தாள். குளிர்ந்தது. கூட வந்த பிள்ளை, வடிவான மேசை என்றாள்.

காசு வாங்க வந்த தம்பி நாங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறதைக் கண்டுவிட்டு, "அசல் யாழ்ப்பாணத்துக் கதவு அக்கா. நூறு வருசத்துக்கு மேல" என்றான்.

"எண்பத்தாறு."

எங்களில் ஆர் சொன்னது என்று இன்றைக்கும் தெரியாது.

முதலாளியிடம் கதைத்தோம். மரியாதையான மனிசன். 2022 ஆடியிலே தரகர் ஒருவரிடம் வாங்கினாராம், படமும் வைத்திருந்தார். படத்தில் கதவுகள் சாத்தி வைத்திருந்த சுவர் எங்கட குசினிச் சுவர். பூச்சு விழுந்த இடம் அப்படியே தெரிந்தது. தரகர் வளவுக்குள்ளேயே வந்து எடுத்திருக்கிறார். மற்றப் பக்கக் கதவை அறுத்துத் தட்டு அடித்தாயிற்று. மேசையைத் தரலாம், ஆனால் அவர் செலவழித்த காசு என்று ஒன்று இருக்குதுதானே என்றார். அது நியாயம். எங்களிடம் அவ்வளவு இல்லை. இருந்திருந்தாலும் ஒரு பக்கக் கதவை வைத்து என்ன செய்வது?

2022 ஆடி. கறையான் வந்தது 2023 தையில். ஆறு மாதம் அவள் எங்களோடு ஒவ்வொரு நாளும் கதைத்திருக்கிறாள்.

அடுத்த நாள் காலமை அவளுடைய வீட்டுக்குப் போனோம். அவளின் அம்மா, "வாங்கோ பிள்ளையள், எவ்வளவு காலம்!" என்று கதிரை இழுத்துப் போட்டா. தேத்தண்ணி வந்தது. அவள் எங்கட முகத்தைப் பார்த்த உடனேயே விளங்கிக்கொண்டாள். தாய் பின்னுக்குப் போகுமட்டும் பொறுத்திருந்தாள்.

"கண்டிட்டீங்களோ?"

"கண்டிட்டம்."

தம்பியை வெளியே அனுப்ப ஏஜென்சிக்காரனுக்குக் கடைசித் தவணை கட்டவேண்டி இருந்ததாம். கட்டாவிட்டால் கட்டின காசும் போய்விடும். தாலிக்கொடி ஏற்கனவே அடகில். முன்கதவு இரண்டு பக்கமும், அறைக்கதவு இரண்டும் சேர்த்து 185,000 ரூபா. அவள் அழவில்லை. தொகையை ஒரு பில் வாசிக்கிற மாதிரிச் சொன்னாள்.

"எங்களைக் கேட்டிருக்கலாமே" என்றாள் இளையவள்.

"கேட்டனான்."

"எப்ப?"

"போனைப் பாருங்கோ." பிறகு, "அந்தக் கதவை ஆர் தேடினது? ஒண்டரை வருசமா ஒருத்தரும் வீட்டுக்கு வரேல்ல. நான்தான் ஒவ்வொரு மழைக்கும் போய்த் தறப்பாளை இழுத்துக் கட்டினது" என்றாள். இதைச் சொல்லும்போதுதான் குரல் கொஞ்சம் உடைந்தது. "வித்தது பிழை. கறையான் எண்டு சொன்னது அதைவிடப் பிழை. எனக்குத் தெரியும். நான் இல்லை எண்டு சொல்லேல்ல."

மூத்தவள் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பினாள். இளையவள் குடித்து முடித்துவிட்டு எழும்பினாள். இதைப் பற்றி நாங்கள் பிறகு சண்டை பிடித்தோம்.

பஸ்ஸில் போனைத் திறந்து பின்னோக்கிப் போனோம். 2022 சித்திரை. வடகிழக்கு மூலையின் பதினொரு படங்கள். அதுக்குக் கீழே, "ஒரு 50 கடனாத் தர ஏலுமே, தம்பிக்கு ஒரு அலுவல், ஆவணிக்குள்ள தாறன்." அதுக்குக் கீழே இன்னும் இரண்டு ஓட்டுப் படங்கள். எங்கட பதில், இரண்டு பேருடையதும்: உயர்த்தின பெருவிரல். ஓட்டுக்குத்தான். மற்றதை வாசித்தோமா, பிறகு பார்ப்போம் என்று விட்டோமா, இப்போது சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. அந்த மாதம் கொழும்பில் காஸ் சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றோம், அலுவலகத்தில் பாதிச் சம்பளம் தந்தார்கள், இதெல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பெருவிரலும் அங்கேயே இருக்கிறது.

இங்கேதான் நாங்கள் பிரிகிறோம். மூத்தவளின் கணக்கு இது: கடன் கிடைக்கவில்லை என்றால் விற்கலாம் என்று ஆகாது. விற்றாலும், ஆறு மாதம் கழித்து ஒரு பலகைத் துண்டைத் தேடிப் படம் எடுத்து அனுப்பின நேரம் ஒன்று இருக்கிறதே, அதை மன்னிக்க ஏலாது. இளையவளின் கணக்கு: பதினாறு மாதம் ஒரு சதம் வாங்காமல் வெயிலில் நின்றவளுக்கு மாதம் ஒரு 20,000 போட்டுப் பார், வருகிற தொகை 320,000. கதவின் விலையை விடக் கூட. மூத்தவள், அப்படியென்றால் சம்பளத்தைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்பாள். கேட்டால் நாங்கள் என்ன முகத்தோடு பார்த்திருப்போம் என்பாள் இளையவள். சொந்தக்காரர் ஒருவர் பொலிசில் போடச் சொன்னார். அதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே பதில், வேண்டாம்.

அவளுடைய கணக்குக் கொப்பியையும் திரும்பப் பார்த்தோம். நீல மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி. ஆணி, மணல், கூலி, தேத்தண்ணி, எல்லாம் திகதியோடு. நாங்கள் அனுப்பின 18 இலட்சத்தில் ஒரு சதம் பிழை பிடிக்க முடியவில்லை. பிழை பிடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். மிச்சம் 340 ரூபா என்று கடைசிப் பக்கத்தில் எழுதி, அந்தக் காசையும் ஒரு கடித உறையில் வைத்து ஒட்டியிருந்தாள்.

கோபத்தோடு வீடு திருத்துவது ஒரு விதத்தில் வசதி. மிச்சமிருந்த சீமெந்துப் பூச்சைக் கொத்த ஆள் பிடிக்காமல் நாங்களே கொத்தினோம். கை கொப்பளித்தது. ஆனால் வீடு முழுக்க அவள்தான். சுவரைத் தொட்டால் அவள் கரைத்த சுண்ணாம்பு. அறைச் சுவரில் பென்சிலால் அவள் எழுதின அளவுகள், ஒரு இடத்தில் இளையவளை நையாண்டி பண்ணிக் கீறின படம். வெள்ளையடிக்க வந்தவர் அதைக் கண்டு சிரித்துவிட்டு, அடிக்கவோ என்று கேட்டார். மூத்தவள் அடியுங்கோ என்றாள். அடித்தார். சுண்ணாம்பு காய்ந்த பிறகும் பக்கவாட்டில் நின்று பார்த்தால் கீறல் தெரிகிறது.

மற்ற மூன்று மூலைகளையும் வேறொரு மேசன் செய்தார். கெட்டிக்காரன் என்று சுன்னாகத்தில் எல்லாரும் சொன்னார்கள். மூன்று நாளில் மூன்றையும் முடித்தார்.

அம்மாவுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கறையான் கதையை அவள் எங்களுக்குச் சொன்னாள், நாங்கள் அம்மாவுக்குச் சொன்னோம். அவள் சொன்னது பொய் என்று தெரிந்த பிறகும் ஆறு மாதம் அதையே காப்பாற்றிக்கொண்டிருந்தோம். அப்படிப் பார்த்தால், அவள் மறைத்த அதே அளவு காலம்.

2024 ஐப்பசியில் கதவு போட்டு முடித்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தோம். வானை விட்டு இறங்கி நேரே கதவடிக்கு வந்தா. கையை வைத்தா. மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்தா.

"வேம்பு."

"ஓமம்மா. நல்ல வேம்பு. ஓடாவியார் சொன்னவர்."

"அந்தப் பிள்ளை எங்க? வரேல்லையோ?"

நாங்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம்.

"கறையான் எண்டு நீங்கள் சொன்ன அண்டைக்கே எனக்குத் தெரியும்" என்றா அம்மா, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "தம்பிக்காரன் வெளிய போன அடுத்த மாதம் தாய்க்காரி எனக்கு போன் எடுத்து அழுதவ. கதவு எண்டு சொல்லேல்ல. உங்களுக்கு ஒரு கடன் இருக்குதக்கா எண்டா. பிறகு நீங்கள் வந்து கறையான் எண்டியள்."

"ஏனம்மா எங்களுக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா என்ன செய்திருப்பியள்? போன பெடியனைத் திருப்பிக் கூப்பிடுவியளோ?"

உள்ளே போய்ச் சாமியறையில் விளக்குக் கொளுத்தினா. பழைய திறப்பு இன்னும் அவவின் கைப்பையில் கிடக்கிறது. பூட்டு கதவோடு போய்விட்டது. எறிய மனம் இல்லையாம். அதைப் பற்றிக் கோபமோ கவலையோ அவவின் முகத்தில் எங்களுக்குப் பிடிபடவில்லை. பின்னேரம் புட்டு அவித்தா. நாலு கோப்பை எடுத்து வைத்தா. நாலாவதைத் திரும்ப எடுத்து அடுக்கினவ இளையவள்தான்.

நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல். மூன்று நாள் விடாத மழை. கரண்ட் இல்லை. முற்றம் குளமாகி, தாழ்வாரத்தின் முதல் படிவரை தண்ணீர் வந்து நின்றது. மூலைகள் ஒழுகும் என்று தெரியும். புதுக் கூரை முதல் மாரியைக் கண்டால்தான் கூரை. இரவு பத்து மணிக்கு இருந்த வாளி, சட்டி, அண்டா எல்லாவற்றையும் எடுத்தோம். வடகிழக்கு மூலைக்குத்தான் பெரிய வாளியை வைத்தோம். அது பழைய வேலை, இரண்டு வருசம் வெயிலில் கிடந்த தகடு. அதோடு, அவள் செய்தது.

தென்மேற்கு மூலை முதலில் தொடங்கியது. பிறகு வடமேற்கு. கெட்டிக்கார மேசனின் மூன்று மூலைகளும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக. அம்மா கட்டிலைச் சுவரோடு தள்ளச் சொன்னா. நாங்கள் துணியைப் போட்டுத் துடைத்து, பிழிந்து, திரும்பத் துடைத்து. விடிய இரண்டு மணியிருக்கும், இளையவள் ரோச்சை எடுத்துக்கொண்டு வடகிழக்கு மூலைக்குப் போனாள். வாளிக்குள் ஒன்றும் இல்லை. மூத்தவளும் வந்து சுவரைத் தடவிப் பார்த்தாள். மேலே சிலாகை, தகட்டின் மடிப்பு, எல்லாம் காய்ந்துபோய் இருந்தது. வெளியே பீலியால் தண்ணீர் போய் முற்றத்தில் விழுகிற சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போய்த் தென்மேற்கு மூலைக்குக் கீழே வைத்தோம்.